உபசாரக் கணக்கு

மாநில அளவில் முதல் பரிசு வாங்கியவள் என்று யாராவது பிரிஸ்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், அவள் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பிரிஸ்காவோ அந்த இடத்தை விட்டே நழுவிவிடுவாள். "இவ்வளவு பெரிய பரிசு வாங்கியும் தலைக்கனம் இருக்கா பாரு" என்று தெருவில் மெச்சிக்கொள்வார்கள். அடக்கமாவது மண்ணாவது! அந்தப் பிள்ளைக்கு வெட்கம். சோறு தொண்டையில் இறங்காத அளவுக்கு வெட்கம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி அவள்.

அது தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்றாலும் குழந்தைகளைவிட நரைத்த தலைகளே கூடுதலாகத் தெரிந்த காலம். பெற்ற பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கோ வேலைக்குப் போய்விட, தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் கையைப் பிடித்து எழுப்பிவிடவும் ஆளில்லாமல் முதியோர் இல்லங்கள் திண்டாடின. நிழற்குடை அறக்கட்டளை என்று ஒன்று, ஊர் ஊராக இப்படிப்பட்ட இல்லங்களை நடத்திவந்தது. ஆள் கிடைக்காவிட்டால் என்ன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து ரோபோ செய்துகொள்வோம் என்று அவர்கள் ஒரு போட்டியை அறிவித்தார்கள். ஒவ்வொரு அணியும் ஒரு முதியவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறுதிச் சுற்றில் அவரே மேடையேறி ரோபோவோடு பழகிக் காட்ட வேண்டும். ஜெயிக்கிற ரோபோ அறக்கட்டளையின் எல்லா இல்லங்களுக்கும் போகும்.

தூத்துக்குடியிலிருந்து பிரிஸ்காவும் இசக்கிராஜாவும் பெயர் கொடுத்தார்கள். இரண்டு பேரும் பிளஸ் ஒன், ஒரே வகுப்பு. மென்பொருள் முழுக்க அவள், ஒயரும் மோட்டாரும் அவன். இசக்கி பற்றவைத்த ஒயர் ஒன்று கழன்றது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர்களுக்கு வாய்த்த முதியவர் தொம்மை மச்சாது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர், பெரிய பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்து, மகன் கனடாவிலேயே தங்கிவிட, கடற்கரைச் சாலையில் கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை இல்லத்தில் இருந்தார். முட்டி இரண்டும் தேய்ந்து நடைதான் தள்ளாட்டமே தவிர, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாளே இசக்கியைப் பார்த்து, "இவன் ரோபோவா, அந்த டப்பா ரோபோவா? ரெண்டும் ஒண்ணு போல முழிக்கே" என்று கேட்டவர்.

ரோபோ இடுப்பு உயரம் இருக்கும். நாலு சக்கரம், பஞ்சு சுற்றிய இரண்டு கைகள். ஆளின் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டால் தாகமா, பசியா, சிறுநீர் நிறைந்திருக்கிறதா என்று அவருக்கே தெரியும் முன்பு அதற்குத் தெரிந்துவிடும். எல்லாம் சரி, ஒரே ஒரு சிக்கல்.

"தண்ணி வேணுமா தாத்தா?" என்று கேட்டது ரோபோ.

"வேண்டாம்யா. ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் தொம்மை.

ரோபோ நல்ல பிள்ளையாகத் திரும்பிப் போய்விட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து, தட்டுத்தடுமாறி, மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். இசக்கிக்குத் தாங்கவில்லை.

"வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான தாத்தா?"

"எப்படில சொல்ல? கேட்ட ஒடனே வாங்கிக் குடிச்சா, சரியான பறக்காவெட்டின்னு நெனைக்காதா?"

"மெசினு என்னத்த நெனைக்கப் போவுது!"

"அது நெனைக்காது. எனக்கு இருக்குல்லா."

அவர் மட்டுமா? அந்த இல்லத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே. கேட்டதும் "சரி" என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. ரோபோ நாள் முழுக்க அங்கும் இங்கும் உருண்டுவிட்டு, ஒருவருக்கும் ஒன்றும் செய்யாமல் மூலையில் போய் நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்காவின் சித்தி மகனுக்கு மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை கொடுக்கும் புதுநன்மை, அதற்கு வீட்டில் விருந்து. பந்தியில் அவள் பெரியப்பா இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, "போதும், போதும், சத்தியமாப் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவோ அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் விரல் இடுக்கு வழியாகக் கறிக்குழம்பை ஊற்றினார். பெரியப்பா "அய்யய்யோ" என்று அலறிவிட்டு, மொத்தத்தையும் வழித்துச் சாப்பிட்டார். பிரிஸ்கா கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ஆய்வகத்தில் அற்புதமணி சாரிடம் சொன்னாள். பிசிக்ஸ் வாத்தியார், அணிக்குப் பொறுப்பாசிரியர்.

"சார், நம்ம ஆளுக வேண்டாம்னு சொல்லுததுல முக்காவாசி உபசாரத்துக்குச் சொல்லுதது. எது உபசாரம், எது நெசம்னு ரோபோவுக்குச் சொல்லிக் குடுத்திருவோம்."

"அதெப்படிம்மா கண்டுபிடிக்கும்? நமக்கே தெரியாதே!"

"தெரியும் சார். எங்க பெரியம்மாவுக்குத் தெரியுது. குரல், மூஞ்சி, பெல்ட் சொல்லுதது மூணையும் சேத்துப் பாத்தா ரோபோவுக்கும் தெரியும். ஆயிரக்கணக்குல 'வேண்டாம்'களப் பதிவு பண்ணிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

சாருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் விரிந்தது. அன்றைக்கே அதற்கு உபசாரக் கணக்கு என்று பெயர் வைத்தார்கள். ரோபோவுக்குப் பெயர் பெரியம்மா. எண்பது வயது ஆட்கள் எல்லாம் அந்த டப்பாவைப் "பெரியம்மா, பெரியம்மா" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

பதிவு செய்வதற்குத் தொம்மை தாத்தாதான் ஊக்கமாக ஒத்துழைத்தார். மற்றவர்களையும் இழுத்துவந்து உட்காரவைத்தார். பிரிஸ்கா ஒவ்வொரு பதிவையும் தானே பார்த்து, இது உபசாரம், இது நிஜம் என்று குறித்தாள். எப்படிக் குறித்தாள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டாம் என்ற ஆள் திரும்பத் திரும்பக் கேட்டபின் வாங்கிக்கொண்டாரா? அப்படியானால் முதலில் சொன்னது உபசாரம். கடைசிவரை வாங்கவே இல்லையா? அது நிஜம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், விட்டால் போதும் என்று வாங்கிக்கொண்டவர்களும் அதில் இருந்தார்கள். அதெல்லாம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்ட பெரியப்பாவே அவள் கண்ணில் நின்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று இசக்கி ஒரு சுவிட்ச் செய்தான். கைக்குள் அடங்கும் சிவப்பு சுவிட்ச், பிரிஸ்காவின் கையில் இருக்கும். அமுக்கினால் பெரியம்மா எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடும். போட்டி விதியும் அதைக் கேட்டது. ஆனால் மேடையில் சுவிட்சை அமுக்கினால் அந்தச் சுற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

இறுதிச் சுற்று மதுரையில். காலையிலேயே வேனில் கிளம்பினார்கள். தொம்மை தாத்தா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வந்தார். வழியில் எட்டயபுரத்தில் டீ, அருப்புக்கோட்டையில் இன்னொரு டீ. அரங்கத்துக்குள் நுழைந்ததும் பிரிஸ்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, நான் ஒரு எட்டு பாத்ரூம் போய்ட்டு வந்திருதேன்."

பிரிஸ்கா தயங்கினாள். மேடையில் பெல்ட்டைப் படித்து, பெரியம்மா தானாகவே அவரைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதுதான் அவர்கள் காட்டவிருந்த வித்தையின் உச்சம். இப்போது போய்விட்டு வந்தால் பெல்ட்டில் என்ன இருக்கும்?

"தாத்தா, கொஞ்சம் அடக்கிக்கிட முடியுமா? அப்பத்தான் டெமோ நல்லா வரும். நம்மதான் ரெண்டாவது டீம், இப்ப முடிஞ்சிரும்."

அவர் சிரித்தார். "கப்பலையே கட்டி நிறுத்தினவன், இதை நிறுத்த மாட்டனா? போ, போ."

அதுவரைக்கும் சரிதான். ஆனால் தலைமை விருந்தினர் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினால்தான் போட்டி. அணிகளும் முதியவர்களும் மேடையிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்தால் அழகு கெட்டுவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தொம்மை தாத்தா முதலில் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. பிறகு பிரிஸ்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் விரல்களைக் குவித்து, கொஞ்சம், கொஞ்சம் என்று சைகை காட்டினாள். விருந்தினர் வந்து, மாலை போட்டு, பேசி முடித்து, முதல் அணி தன் வித்தையைக் காட்டி இறங்கும்போது தாத்தா யாரையும் பார்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தபடி நேரே உட்கார்ந்திருந்தார்.

"தூத்துக்குடி அணி" என்று அழைத்தார் நடுவர் ரேணுகாதேவி. பொறியியல் கல்லூரியில் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல அம்மா. "உங்க ரோபோ மத்ததிலேருந்து எப்படிம்மா வேறுபடுது?"

"மேடம், மத்த ரோபோ எல்லாம் வேண்டாம்னு சொன்னா போயிரும். எங்க பெரியம்மா போகாது. வேண்டாம்னு சொல்லுதது கூச்சத்தினாலயா, இல்ல நெசமாவே வேண்டாமான்னு கண்டுபிடிக்கும். கூச்சம்னா நம்ம வீட்டுப் பொம்பளைக மாதிரி வற்புறுத்தி உதவி செய்யும்."

அரங்கத்தில் சிரிப்பும் கைதட்டலும். நடுவருக்கு முகம் மலர்ந்தது. "பிரமாதம். எங்க மாமனாருக்கு இதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். காட்டுங்க."

பெரியம்மா உருண்டு போய்த் தாத்தாவின் முன் நின்றது.

"தாத்தா, பாத்ரூம் போவோமா?"

அரங்கம் முழுக்கக் கேட்கட்டும் என்று அதன் தொண்டையில் மைக் மாட்டியிருந்தார்கள்.

"வேண்டாம்" என்றார் தாத்தா.

"கூச்சப்படாதிய. நான் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்."

பிரிஸ்கா அந்தக் குரலைக் கேட்டாள். ஆயிரக்கணக்கான வேண்டாம்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தவள் அவள். தொம்மை தாத்தாவின் உபசார வேண்டாம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும், அது பாதி சிரிப்போடு வரும். இது அதில்லை. இதில் சிரிப்பே இல்லை. பார்வையைத் தாழ்த்தினாள், நாற்காலியின் கீழே மேடைப் பலகை ஈரமாக மின்னியது. தாத்தா எழுந்து நிற்க விரும்பவில்லை. கூட்டமெல்லாம் கலைந்து, விளக்கணைத்துப் போகும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க விரும்பினார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அவர் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். சிவப்பு சுவிட்ச் அவள் உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது.

ஒரு அமுக்கு. ஒரே ஒரு அமுக்கு! பெரியம்மா நின்றிருக்கும், சுற்று போயிருக்கும், பரிசு போயிருக்கும், மனிதன் தப்பித்திருப்பான். பிரிஸ்காவின் விரல் அசையவில்லை. அவருக்கு நல்லதுதானே செய்யப் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது பொய் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

பெரியம்மா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது. சிறுநீர் இன்னும் மிச்சமிருக்கிறது என்கிறது பெல்ட், முகத்தில் வெட்கம் இருக்கிறது. வெட்கம் என்றால் உபசாரம், அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பஞ்சுக் கைகளை அவர் அக்குளுக்குள் நுழைத்து, மெதுவாக, வலிக்காமல், வெகு பக்குவமாக அவரைத் தூக்கி நிறுத்தியது.

வெள்ளை வேட்டி முன்னும் பின்னும் நனைந்து ஒட்டியிருந்ததை அரங்கம் முழுக்கப் பார்த்தது. எங்கோ ஒரு பொடியன் களுக்கென்று சிரித்தான், அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல், நல்ல மனசோடுதான், நடுவர் ரேணுகாதேவி கைதட்ட ஆரம்பித்தார். விருந்தினர் தட்டினார். அரங்கம் மொத்தமும் தட்டியது. நனைந்த வேட்டியோடு ஒரு மனிதன் நிற்கிறான், சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது! தாத்தா யாரையும் பார்க்காமல் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையைக் கடந்து போனார்.

"பார்த்தீங்களா, எவ்வளவு துல்லியமா தேவையைக் கண்டுபிடிச்சிருக்கு" என்று நடுவர் மைக்கில் சொன்னார். முதல் பரிசு அவர்களுக்கே.

திரும்பி வரும்போது தாத்தா யாரோ கொடுத்த புது வேட்டியில், வேனின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அற்புதமணி சார் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதையே துடைத்துக்கொண்டிருந்தார். இசக்கி பிரிஸ்காவின் காதுக்குள் கேட்டான்.

"ஏ, நீ சுவிட்ச அமுக்கலியா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதையே வேறு.

"அமுக்கினேன். வேல செய்யல" என்றாள் பிரிஸ்கா.

இசக்கியின் முகம் கறுத்துவிட்டது. சற்று நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஓடும் வேனில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், தாத்தாவின் காலடியில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் பாதங்களைத் தொட்டான்.

"தாத்தா, எம்மேலதான் தப்பு. சுவிட்ச நான்தான் செஞ்சேன். அவ அமுக்கியிருக்கா, அது வேல செய்யல. மன்னிச்சிருங்க தாத்தா."

தாத்தா அவன் தலையில் கைவைத்தார். அவன் தலைக்கு மேலாகப் பிரிஸ்காவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் சும்மாதான் பார்த்தார்.

"விடு மக்கா. மெசினுதான, அதுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிரிஸ்கா அந்த இல்லத்தின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பரீட்சை என்றாள், காய்ச்சல் என்றாள். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் கிளாடிஸ் போன் போட்டு, "தொம்மை தாத்தாவ வந்து பாத்திட்டுப் போலாம்ல" என்று கேட்டபோதெல்லாம் ஒரு சாக்கு ரெடியாக வைத்திருந்தாள். பெரியம்மா மட்டும் போய்விட்டது. ஒன்று பலவாகி, அறக்கட்டளையின் எல்லா இல்லங்களுக்கும் போய்விட்டது.

இசக்கிதான் அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவில்லை. மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு சுவிட்சைக் கழற்றுவான், பற்றவைப்பான், அமுக்குவான். வேலை செய்யும். மறுபடியும் கழற்றுவான். சார் புதிய போட்டிக்குப் பெயர் கேட்டபோது, "வேற ஆளப் போட்டுக்கிடுங்க சார். என் கை சரியில்ல" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிரிஸ்கா அவனை மறித்தாள்.

"இசக்கி, அந்தச் சுவிட்சுல ஒண்ணும் இல்ல. நான் அமுக்கல."

அவனுக்குப் புரியவில்லை. "என்னது?"

"அமுக்கல. வெரல் அதும் மேலதான் இருந்துச்சு. தாத்தா என்னையத்தான் பாத்தாவ. அமுக்குனா பரிசு போயிருமேன்னு அமுக்கல."

இசக்கி சைக்கிளிலிருந்து இறங்கினான்.

"அப்ப நான் எதுக்குட்டி அவுக கால்ல விழுந்தேன்?"

அவன் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டே போய்விட்டான், ஏறி ஓட்டக்கூட இல்லை.

கோடை விடுமுறையில், இனி சாக்கு சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், பிரிஸ்கா இல்லத்துக்குப் போனாள். வாசலிலேயே சிஸ்டர் கிளாடிஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார். உள்ளே அறக்கட்டளையின் பொறியாளர் வைகுந்தன் வந்திருந்தார், மாதாமாதம் ரோபோக்களைச் சரிபார்க்க வருகிறவர்.

"நீங்கதான் அந்தப் பிரிஸ்காவா! உங்க கணக்கு எங்கேயோ போயிடுச்சும்மா. வெளிமாநிலத்துலேருந்துகூடக் கேக்குறாங்க" என்றார்.

"சார், அதுல ஒரு பிழை இருக்கு. அத எடுத்திரணும்."

"பிழையா?" வைகுந்தன் சிரித்தார். "ஆரம்பத்துல பத்து தடவ கேட்டா ஒன்பது தடவ வேண்டாம்னு சொல்லிட்டிருந்தாங்க. நாலு மாசத்துல அது குறைஞ்சு குறைஞ்சு, இப்ப இந்த இல்லத்துல வேண்டாம்னு சொல்ற ஆளே கிடையாது. எல்லா ஊர்லயும் அப்படித்தான். பெரியவங்களோட கூச்சத்தையே போக்கிட்டீங்க நீங்க."

"ஆமா பிரிஸ்கா," என்றார் சிஸ்டர், "முன்னெல்லாம் ஒரு வாய் கஞ்சி குடிக்கவைக்க என்னா பாடு! இப்ப ஒருத்தரும் முரண்டு பிடிக்கிறதே இல்ல. எல்லாரும் பச்சப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க."

பிரிஸ்கா திரும்பினாள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பெரியம்மா ஒருவர் முன்னால் போய் நின்று, "தாத்தா, கஞ்சி…" என்று ஆரம்பித்தது. முடிப்பதற்குள் அவர் "சரி" என்றார். அடுத்த ஆள், "சரி". அதற்கடுத்த பாட்டியம்மா, "சரி". வேண்டாம் என்று சொன்னால் இது போகாது, கேட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் தூக்கிவிடும் என்று அத்தனை பேரும் தெரிந்துவைத்திருந்தார்கள். பெரியம்மா என்று கூப்பிட்டு ஒருவரும் சிரிக்கவில்லை.

தொம்மை தாத்தா கடலைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் தலையை அசைத்தார்.

"நல்லா இருக்கியளா தாத்தா?"

"இருக்கேம்மா."

முன்பு "ஏ பிள்ள" என்று கூப்பிட்டவர். இவள் முட்டிபோட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குள் பெரியம்மா உருண்டு வந்து, "தாத்தா, போர்வை போத்தட்டுமா?" என்று கேட்டது.

"சரி" என்றார்.

நல்ல மே மாதம், வெளியே வெயில் கொளுத்துகிறது. பெரியம்மா கம்பளியை எடுத்து அவர் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியது. பெல்ட் எதையோ தப்பாகப் படித்திருக்க வேண்டும். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா திருப்தியாகத் திரும்பிப் போயிற்று.

பிரிஸ்கா சொல்லத் தொடங்கினாள்.

"தாத்தா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன். அன்னைக்குச் சுவிட்சு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அமுக்கல. நீங்க சொன்னது நெசமான வேண்டாம்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் அமுக்கல. காலையில ஒங்கள அடக்கச் சொன்னதும் நான்தான். எல்லாம் பரிசுக்காவத்தான். இசக்கி மேல பழியப் போட்டேன். என்னைய மன்னிச்சிருங்க தாத்தா."

"சரி" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, இரக்கம் இல்லை. போர்வைக்குச் சொன்ன அதே சரி.

"அப்படிச் சொல்லாதிய தாத்தா. மனசுல இருக்கத சொல்லுங்க. ரெண்டு வார்த்த ஏசவாவது செய்யுங்க. ஏசுவியளா?"

"சரி."

காத்திருந்தாள். அவர் ஏசவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கப்பலை இரண்டு படகுகள் இழுத்துக்கொண்டு போயின, அவர் அதையும் பார்க்கவில்லை. உலகத்தில் உள்ள அத்தனை வேண்டாம்களையும் இனம் பிரிக்கத் தெரிந்தவள் என்று பேர் வாங்கிய பெண், அந்த ஒற்றைச் சரியை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவமானத்தில் காது இரண்டும் எரிந்தது.

"தாத்தா, நான் இனிமே தெனமும் வந்து ஒங்களப் பாக்கட்டுமா?"

"சரிம்மா."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"இல்ல, ஒங்க மூஞ்சியிலேயே முழிக்காம, வராமலே இருந்திரட்டுமா?"

"சரிம்மா" என்றார் தொம்மை தாத்தா.